என்னைத் தெரியுதா என்று கேட்காதே

இதனால் உலகத்தார் சகலருக்கும் பணிவன்புடன் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுச் சமையலறையில் நெடுநாள் தொண்டாற்றிய பெரிய பாத்திரத்தின் மூடி, சென்ற மாதம் முதல் அப்பதவியைத் துறந்து ஸ்டியரிங்காகப் பொறுப்பேற்றுள்ளது. அதன் காலியிடத்துக்குத் தகுதியான ஆள் இன்னும் கிடைக்காததால், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மூடி நிலைமையைச் சமாளித்து வருகிறோம்.

(இது நான், உன் தம்பி. அம்மா முறைக்கிறாள். முதலில் ஒழுங்காக நலம் விசாரித்து எழுது, அப்புறம் வாலை ஆட்டு என்கிறாள். அவளுடைய வலது கை இப்போது அப்பாவின் பிடியில் இருப்பதால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இனி அடைப்புக்குறிக்குள் வருவது நான், வெளியே இருப்பது அம்மா. நல்ல தமிழ் முழுவதும் என்னுடையது, அறிவுரை முழுவதும் அவளுடையது.)

என் கண்ணே, பெரியவளே, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேருக்கும் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லை, உன்னையும் அங்கே அதெல்லாம் அண்டாமல் இருக்கவேண்டும். நின்றுகொண்டே சாப்பிடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. (நலம் என்று போடட்டுமா என்று கேட்டேன். காய்ச்சல் இல்லை என்று மட்டும் போடு என்றாள்.)

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் போனில் பேசினாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் நீ, 'அப்பா, நான் யாரு சொல்லுங்க பாப்போம்' என்றாய். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார். நீ விடவில்லை, குரலாவது தெரிகிறதா என்று கேட்டாய், கேட்டுக்கொண்டே அழுதாய். அவர் போனை என்னிடம் நீட்டி, 'யாரோ ஒரு பொண்ணு அழுதுங்க, பாவம், என்னன்னு கேளுங்க' என்றார். நான் வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். அப்புறம் செய்தி அனுப்புகிறாய், எடுத்த லீவை ரத்து செய்துவிட்டேன், அவருக்கு நான் யாரோதானே, யாரோ ஒருத்தி வந்து என்ன ஆகப்போகிறது என்று. இப்படி ரத்து செய்வது இது முதல் தடவையும் இல்லை. போன வருஷம் நீ பெட்டியோடு வாசலில் நின்றபோது அவர் 'யாரும்மா வேணும் உங்களுக்கு' என்று கேட்டது உன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கிடக்கிறது என்று எனக்குத் தெரியாதா. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. (வைக்கலாம், ஆனால் மீதியில் என்ன இருக்கிறதென்று உனக்குத் தூக்கம் வராது.)

உன் பயம்தான் எனக்கும் இருந்தது, அதை ஒளிக்கவில்லை. அவருக்கு மறதி நோய் என்று தெரிந்த முதல் ஒரு வருஷம் நான் செய்ததெல்லாம் பரீட்சை வைத்ததுதான். காலையில் அவர் கண் விழித்ததும் கல்யாண ஆல்பத்தை மடியில் விரித்து, இது யார், இது யார் என்று கேட்பேன். ஒரு நாள் சரியாகச் சொன்னால் அன்றைக்கு முழுக்க வீட்டில் எனக்குக் கால் தரையில் பாவாது. அடுத்த நாள் என் முகத்தின் மேலேயே விரலை வைத்து, 'இந்த அம்மா யாருன்னு தெரியலையே' என்பார். நான் ஆல்பத்தை மூடிவிட்டுப் போய் மாவு சலிக்கிற சாக்கில் அழுவேன். தினமும் அந்த மனுஷன் என்னிடம் தோற்றுப்போவார், தினமும் நான் அவரிடம் செத்துப்போவேன். இப்படியே போனது.

அப்புறம் உன் பெரியப்பா வந்தார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, நோயாளிக்குக் காது கேட்காது என்பது அவர் முடிவு. கட்டில் பக்கத்தில் நின்று, 'என்னைத் தெரியுதாடா? டேய், என்னைத் தெரியுதா?' என்று தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்தினார். கூட வந்தவர்களும் ஆளாளுக்கு, என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்கள். எல்லோரும் பாசத்தில்தான் கேட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார் பார், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை வகுப்பில் எழுந்து நிற்குமே, அந்தப் பார்வை. ஊரில் பாதிப் பேரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டாலும் 'ஒண்ணும் ஆகல, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க' என்று பொறுமையாகச் சொன்ன மனுஷன். போகிற இடமெல்லாம் மாஸ்டர், மாஸ்டர் என்று கும்பிடு வாங்கினவர். போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க எதையும் வாயில் வைக்கவில்லை.

மறுநாள் காலை உன் தம்பி காபியோடு அறைக்குள் போனான். அவனைப் பார்த்ததும் இவர் மிரண்டுபோய்ச் சுவரோடு சுவராக ஒதுங்கினார். இன்னொருத்தன் கேள்வி கேட்க வந்துவிட்டான் என்று நினைத்தாரோ என்னவோ. இந்த வாலு என்ன செய்தான் தெரியுமா, காபியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, 'வணக்கம் மாஸ்டர், புதுசா வண்டி ஓட்டக் கத்துக்கலாம்னு வந்திருக்கேன். என்னை உங்களுக்குத் தெரியாது' என்றான். (கைதட்டலுக்காக ஒரு வரி இடம் விடச் சொன்னேன், அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.)

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெற்ற அப்பனை வைத்து விளையாடுகிறாயாடா என்று கரண்டியோடு ஓடினேன். நிலைப்படி தாண்டுவதற்குள் அந்தக் குரல் கேட்டது. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. 'வாங்க தம்பி, உக்காருங்க. வண்டியைப் பத்தி ஏதாவது தெரியுமா?' என்கிறார். ஒன்றுமே தெரியாது என்கிறான் இவன். 'ரொம்ப நல்லது. ஒண்ணும் தெரியாதவங்கதான் எனக்கு வேணும். அரைகுறையாத் தெரிஞ்சவன்தான் கொண்டுபோய் மோதுவான். தெரியாதவன் ரோட்டைப் பாப்பான்.' சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்து, தலையைக் கையாலேயே வாரிக்கொண்டார். முதல் நாள் பாடத்தில் எல்லோருக்கும் சொல்வாரே, அதே சொற்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே நான் அங்கே சாய்ந்து நின்றுவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பள்ளிக்கூடம். சாப்பாட்டு மேசை நாற்காலி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறோம். மூடி ஸ்டியரிங். தரையில் வரிசையாக மூன்று செருப்பு, கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். (மூன்றாவது செருப்பு என்னுடையது. ஜோடியை இழந்த இன்னொன்று மூலையில் தனிமையில் வாடுகிறது. நாற்காலியின் முதுகில் எல் போர்டு மாட்டியது நான்தான். அக்கா, இந்தப் பள்ளியின் தலைமாணவன் நான் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கல்லூரி மாணவன், பேக்கரிக்காரன், புதுமாப்பிள்ளை, இரவுக்காவலாளி என்று எத்தனையோ வேடம் கட்டியாகிவிட்டது, ஒரு தடவைகூட வசனம் பிசகியதில்லை, வேடம் கலைந்ததில்லை. இந்தக் குடும்பத்தில் அழுமூஞ்சிக் கழகம் என்று ஒன்று இருக்கிறது, அம்மா தலைவி, நீ தூரதேசக் கிளையின் செயலாளர். அதில் இன்றுவரை உறுப்பினராகாத ஒரே ஆள் நான்.)

பையன் செய்தது போதாதென்று நானும் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். வேறு புடவை மாற்றிக்கொண்டு, வாசல் வழியாகவே வந்தேன். பெற்றெடுத்த பிள்ளை பார்க்க, கட்டின புருஷனிடம் 'புதுசா சேரணும் சார்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் எழுந்து நின்று, 'வாங்க மேடம்' என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை இவளே என்றும் இந்தா என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார், உனக்கே தெரியும். அந்த மேடம் என்ற சொல் கன்னத்தில் அறைந்த மாதிரியும் இருந்தது, பூப்போட்ட மாதிரியும் இருந்தது. (மனைவி மாணவியானாள். இரண்டே எழுத்துத்தான் மாற்றம். இதை நான் அப்போதே சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.)

பாடத்தின் நடுவில், 'கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?' என்று கேட்டார். ஆயிற்று என்றேன். 'வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியாதா?' ரொம்ப நன்றாக ஓட்டுவார், எனக்குத்தான் சொல்லித்தரவில்லை என்றேன். அவர் மூடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார், எந்த ரோட்டையோ. 'அது அவர் தப்புங்க' என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் உன் அப்பா வாயால் இதைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. நான் சிரித்தேன், பெரியவளே. சத்தம் போட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு முன்னே பின்னே தெரியாத சிரிப்பு. என்னோடு இத்தனை நாள் வாழ்ந்த ஆளுக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தாரா, எனக்குக் காட்டாமல் எங்கே வைத்திருந்தார் என்று இருந்தது.

பழக்கதோஷத்தில் நான் அவர் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். 'தப்பா எடுத்துக்காதீங்க மேடம், வீட்டுல ஒருத்தி இருக்கா, பாவம்' என்றார். யாருக்காக என் கையை உதறினார் என்று நினைத்துச் சந்தோஷப்படுவதா, உதறியது என் கையைத்தானே என்று அழுவதா. இரண்டையும் செய்தேன். இப்போது நாற்காலிக்கு நடுவில் என் கையை மடக்கி நீட்டி வைத்துக்கொள்கிறேன், கியர் என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறார். கை என்று தெரிந்தால் விட்டுவிடுவார். (ஆகவேதான் எழுத்து வேலை என் தலையில். இப்போது மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.)

நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், அவருக்கு நான் யாரென்று தெரிய வேண்டும், தெரிந்தே ஆகவேண்டும் என்று மல்லுக்கு நின்றவரை இந்த வீட்டில் எனக்கு ஒரு நல்ல நாள் இல்லை. தெரியாது என்பதைக் கண்டு நடுங்கினேன், அது என்னமோ இருட்டுக் கிணறு என்று நினைத்தேன். உள்ளே இறங்கிப் பார்த்தால் அங்கேயும் மனுஷர்தான் உட்கார்ந்திருக்கிறார். காலையில் அவர் அறைக் கதவைத் திறக்கும்போது, இன்றைக்கு என்னிடம் என்ன கேட்பாரோ என்று ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் ஆசை என்று எழுதச் சொல்ல வெட்கம், ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை. துக்கம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரே ஒரு தடவை இவளே என்று கூப்பிடமாட்டாரா என்று ஒரு நாளில் பத்துத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். அது அது பாட்டுக்கு இருக்கிறது, இது இது பாட்டுக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே வயிற்றில்தான் வைத்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வதை உட்கார்ந்து படி. போன வாரம் பாடத்தின்போது நான்தான் மெல்ல, உங்கள் வீட்டில் யாருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள் மாஸ்டர் என்று கேட்டேன். சட்டென்று முகம் இறங்கிவிட்டது. 'எம்பொண்ணுக்கு மட்டும் சொல்லித்தரத் தெரியல மேடம் எனக்கு' என்றார். உனக்கு நினைவிருக்கும், பதினெட்டு வயதில் உன்னை, மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அந்தப் பயிற்சி வண்டியில் கூட்டிப்போனார், திருப்பத்தில் நீ குப்பைத் தொட்டியில் மோதினாய், நடுத்தெருவில் எல்லோரும் பார்க்க, உனக்கு இதெல்லாம் வராது, இறங்கு என்று கத்தினார். நீ நடந்தே வீட்டுக்கு வந்தாய், அதற்கப்புறம் வண்டியைத் தொடவில்லை, இன்றைக்கும் அந்தக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறாய். ஊரார் பிள்ளைக்கெல்லாம் மாஸ்டர், நமக்கு மட்டும் மிலிட்டரி என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அவருக்கும் மறக்கவில்லை, கண்ணே. சொன்னார்: 'அடுத்தவங்க பிள்ளைன்னா என் பக்கத்து பிரேக்குல கால் அமைதியா இருக்கும். எம்பொண்ணு ஓட்டுறப்ப மட்டும் கால் நடுங்கிடுச்சு மேடம். பிரேக்கு பிடிக்க மறந்துட்டேன். அவ மேல தப்பே இல்ல. பிடிச்சிருக்க வேண்டியவன் நான். பயத்துல கத்திட்டேன். அவகிட்ட சொல்லணும், எங்க இருக்கான்னு தெரியல.'

நான் ஒரு வார்த்தை மாற்றவில்லை. (நான் சாட்சி. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.)

உன் முகம்தான் அவரிடமிருந்து போயிருக்கிறது, நீ போகவில்லை. மகளாக வந்து நின்றால் அவருக்கு நீ விடை தெரியாத கேள்வி. முன்பின் தெரியாத ஒரு பெண்ணாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த மகளைப் பற்றி அவரே உன்னிடம் சொல்வார். சின்ன வயதில் உனக்குக் கிடைக்காமல் போன பொறுமையான மாஸ்டரும் உனக்குக் கிடைப்பார். அவருக்கு நான் யாரோதானே என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், யாரோதான். யாரோவாகவே வா. உலகத்தில் அவர் நன்றாக நடத்தியது யாரோக்களைத்தான்.

ஆனால் தள்ளிப்போடாதே. டாக்டரம்மா போன தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆள் அடையாளத்துக்குப் பிறகு பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று சொல்லியிருக்கிறார். ஆரம்பித்தும்விட்டது. முந்தாநாள் கிளட்ச் என்ற சொல் அவருக்கு வரவில்லை. செருப்பை மிதித்து மிதித்துக் காட்டி, 'இது... இந்த... பிரிச்சு சேக்கறது' என்றார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. பிரித்துச் சேர்ப்பது என்றே நாங்களும் இப்போது சொல்கிறோம். இன்னும் எத்தனை சொல் மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உன்னிடம் சொல்லவேண்டியது இருக்கிறது என்றாரே, அந்தச் சொற்கள் இன்னும் வாயில் இருக்கும்போதே வந்துவிடு. வந்து நீ அழாமல் இருப்பாயா, அவர் உன்னைப் பார்த்துச் சிரிப்பாரா, அல்லது அன்றைக்குப் பார்த்துக் கோபமாக இருப்பாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு வருவதாக இருந்தால் நீ வரவே முடியாது. தெரியாமலே வா.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மாஸ்டர் இருக்கிறாரா என்று கேள். அப்பா என்று கூப்பிட வாய் துடிக்கும், பல்லைக் கடித்துக்கொள். கட்டிப்பிடிக்காதே, பயந்துவிடுவார். பாடம் முடிந்து அவர் கைகுலுக்குவார், அப்போது கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள், அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார். என் வயிற்றில் பிறந்தவளே, நீ போகிற வழியெல்லாம் உனக்குப் பச்சை விளக்காக விழட்டும், ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு. வரும் நாளைத் தம்பிக்கு எழுது. திரும்பவும் சொல்கிறேன், எதை மறந்தாலும் இதை மறக்காதே, என்னைத் தெரியுதா என்று மட்டும் அவரிடம் கேட்காதே.

உனக்காகக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
உன் அம்மா

அக்கா, அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன், இனி முழுக்க நான். அம்மா அப்பாவைக் குளிப்பாட்டக் கூட்டிப்போயிருக்கிறாள், கடிதத்தை ஒட்டிவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஒட்டுவதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். வசனம் பிசகியதில்லை என்று மேலே அளந்திருக்கிறேன் அல்லவா, அது செவ்வாய்க்கிழமை வரை உண்மை. புதன்கிழமை நான் மருந்துக்கடைப் பையன் வேடத்தில் இருந்தேன். பாடம் முடிந்த பிறகு எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை, 'மாஸ்டர், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க' என்று கேட்டேன். என்னைத் தெரியுதா என்பதைத்தான் வேறு சட்டை மாட்டிக் கேட்கிறேன் என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது, ஆனாலும் கேட்டேன். 'ஒரே பொண்ணு' என்றார். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். நீ குப்பைத் தொட்டியில் மோதிய அன்று பின் சீட்டில் நானும் இருந்தேன், முன்பல் இரண்டு இல்லாமல் ஈ என்று சிரித்துக்கொண்டு. அவர் சொல்லும் கதையில் அந்தப் பின் சீட் காலி.

விட்டிருக்கலாம், விடவில்லை. 'பையன் கிடையாதா மாஸ்டர்?' என்றேன். அவர் என்னை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார். 'இல்லப்பா. இருந்திருந்தா உன்னை மாதிரி ஒருத்தனா இருந்திருக்கலாம், நல்லா சிரிக்க வெக்கற' என்றார். அடுத்த வசனம் என்னவென்று எனக்கு வரவில்லை. 'தேங்க்ஸ் மாஸ்டர்' என்று சொல்ல வாயெடுத்தேன், இரண்டு சொல்லும் விழுந்துவிட்டன, வெறும் 'அப்பா' மட்டும் வெளியே வந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். 'அப்பான்னு கூப்பிட்டாலும் ஃபீஸ் குறைக்கமாட்டேன் தம்பி' என்றார். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஏறி வந்தவள் என்னடா என்றாள். கண்ணில் தூசி என்றேன். 'ரெண்டு கண்ணுலயுமாடா?' என்றாள். ஆக, கழகத்தில் சேர்ந்தாகிவிட்டது அக்கா. அம்மாவிடம் சொல்லிவிடாதே.